தீ மூட்டும் முன் செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள்

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிகளுக்குக் காஷ்மீர் புதிய ஊர் இல்லை. செப்டம்பரில் தொடங்கும் ஆப்பிள் சீசன் நவம்பர் வரை நீளும். சோப்பூர், ஷோபியான் மண்டிகளில் லோடு ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்போது மண்சரிவோ பனியோ சாலையை மூடிவிட்டால், காசிகுண்டில் நாள்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். டிசம்பர் 21 பிறந்தால் ‘சில்லை கலான்’ என்று காஷ்மீரிகள் சொல்லும் 40 நாள் கடுங்குளிர். அந்நாட்களில் ஸ்ரீநகரில் இரவு மைனஸ் 5 டிகிரி சாதாரணம். சோஜிலா கணவாயைத் தாண்டி திராஸ், கார்கில் பக்கம் போனால் மைனஸ் 20.

நம் ஊர் வெயிலில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய பழைய லாரி, அங்கே காலையில் முனகிவிட்டு நின்றுவிடும். உடனே என்ன நடக்கும் என்பது அந்தத் தடத்தில் ஓடியவர்களுக்குத் தெரியும். கிளீனர் விறகு தேடிப் போவார். டேங்குக்கு அடியிலோ எஞ்சினுக்கு அடியிலோ தீ மூட்டுவார்கள். பல நேரம் வண்டி கிளம்பியும் விடும். ஆனால் வண்டி எதனால் நின்றது என்று தெரியாமலே மூட்டும் தீ அது. செல்ஃப் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, சைலன்சரில் என்ன வருகிறது என்ற இரண்டை மட்டும் கவனித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படையே அதுதான்: காற்றை வேகமாக அழுத்தினால் சூடேறும், அந்தச் சூட்டில் எரிபொருளைத் தூவினால் தானாகப் பற்றும். லாரி எஞ்சின்களில் காற்று ஏறத்தாழ 17இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே போகும் காற்று இப்படிச் சுருங்கினால் கணக்குப்படி 540 டிகிரியைத் தொடும். மைனஸ் 15 டிகிரியில் போகும் காற்று 420 டிகிரியைத்தான் எட்டும். வாசலில் 45 டிகிரியாக இருந்த வித்தியாசம் உள்ளே 120 டிகிரியாகப் பெருகிவிடுகிறது.

420 டிகிரியே போதுமே, டீசல் 210, 220 டிகிரியிலேயே பற்றுமே என்று கேட்கலாம். அந்தக் கணக்கு வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு. மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்பட்ட காற்று தன் சூட்டைப் பனிக்கட்டிபோல் குளிர்ந்த லைனருக்குக் கொடுத்துவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் கசிந்தும் போகும். இந்த இழப்பெல்லாம் சேர்ந்தால் வெப்பம் 200 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். எஞ்சின் பற்றுவதற்கு நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்றாவது வேண்டும் என்பது இதனால்தான். ஆக, குளிரில் கிளம்பாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சுற்றும் வேகம்.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கமே போக வேண்டாம். பேட்டரி, கேபிள், எஞ்சின் ஆயில் மூன்றில் ஒன்று. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் ஒரு பேட்டரி தரும் சக்தி, நம் ஊரில் தருவதில் பாதிக்கும் கீழே. அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி எஞ்சின் கேட்கும் சக்தியோ கூடியிருக்கும். நம் ஊரில் மூன்று வருடம் ஓடிய பேட்டரி அங்கே திடீரென்று செத்ததாகத் தோன்றுவதன் காரணம் இது. அது இங்கேயே பாதி போயிருந்தது, வெயில் அதை வெளியே காட்டவில்லை.

ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அமிலத்தின் அடர்த்தி உண்மையைச் சொல்லிவிடும். முழு சார்ஜில் 1.240க்கு மேல் இருக்க வேண்டும், 1.120 காட்டினால் காலி. காலியான பேட்டரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அமிலம் நீர்த்துப்போய்த் தண்ணீரை நெருங்கிவிடுவதால் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து பெட்டி வெடித்துக் கீறும். நிறைந்த பேட்டரி மைனஸ் 40 டிகிரியிலும் உறையாது. உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவோ, பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் கொடுக்கவோ கூடாது, வெடிக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பழைய லாரிகளில் இதுதான் அதிகம் ஏமாற்றும் இடம். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது 400 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை பூத்த ஒரு டெர்மினலில் 0.005 ஓம் தடை இருந்தால்கூட அங்கேயே 2 வோல்ட் போய்விடும். இப்படி மூன்று இடம் இருந்தால் 24 வோல்ட்டில் செல்ஃபுக்குக் கிடைப்பது 18தான். கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, வண்டியை அணைத்து, பேட்டரி டெர்மினல், இரண்டு பேட்டரியை இணைக்கும் துண்டு, சேசிஸில் இறுக்கிய பாடி எர்த், செல்ஃப் மோட்டார் போல்ட் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் விறைத்துக் கிடக்கும் அந்தக் காலையில் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். கரன்ட் வீணாவது அங்கேதான். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும்.

ஆயிலில் கவனிக்க வேண்டியது டின்னில் போட்டிருக்கும் முதல் எண். 20டபிள்யூ-40 ஆயிலின் குளிர்ச் சோதனை மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது. 15டபிள்யூ-40க்கு அது மைனஸ் 20. நம் ஊருக்கு 20டபிள்யூ போதும். லடாக் பக்கம் லோடு எடுப்பவர் ஆயில் மாற்றும்போதே 15டபிள்யூ போட்டுக்கொள்வது நல்லது.

இனி அடுத்த வகை. செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே இல்லை. அப்படியென்றால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. இதற்கே ஒரு கிளை உண்டு: வண்டி கிளம்பி, ஒரு நிமிடம் ஓடி, மூச்சு வாங்கி நின்றுவிடும். ஃபில்டருக்கு அப்புறம் குழாயில் தங்கியிருந்த டீசல் தீரும்வரை ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். டீசலிலும் அதுபோல ஒன்று நடக்கிறது. டீசலில் கலந்திருக்கும் பாரஃபின் மெழுகு, குளிர்ந்ததும் மெல்லிய தகடு தகடாகப் படிகமாகிறது. முதலில் டீசல் கலங்கும். அந்தக் கட்டத்தில் டேங்கில் அது இன்னும் திரவமாகவே இருக்கும்; சாய்த்தால் ஓடும். ஆனால் ஃபில்டர் தாளின் நுண்துளைகளில் மெழுகுத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து வழியை அடைத்துவிடும். டேங்கைப் பார்த்துவிட்டு ‘டீசல் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று டிரைவர் முடிவுகட்டுவது இங்கேதான் தவறாகப் போகிறது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1460, டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது: குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி. இரண்டுமே பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் எண்கள். பங்கில் கிடைக்கும் டீசல் இந்த வரம்பைவிடத் தரமாக இருக்கலாம். ஆனாலும் விதி உறுதி தருவது அவ்வளவுதான். இந்தச் சிக்கலுக்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று, மைனஸ் 33 டிகிரிவரை ஓட்டம் குறையாத குளிர்கால டீசலை பானிப்பட் ஆலையில் தயாரித்து 2019 நவம்பரில் கொண்டுவந்தது. பஞ்சாபிலோ ஜம்முவிலோ விலை குறைவு என்று டேங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு மலையேறினால், மேலே கிடைக்கும் நல்ல டீசலுக்கு டேங்கில் இடமிருக்காது. கீழே அளவாகப் போட்டு, லடாக்குக்குள் போனதும் அங்கத்திய டீசலை நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு வண்டியை நிறுத்துங்கள். அப்போதுதான் ஃபில்டரிலும் பம்பிலும் புது டீசல் வந்து நிற்கும்.

தீ மூட்டுவதைப் பற்றி நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. நம் நாட்டு விதிப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். அதாவது 35 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆவி தீ பட்டுப் பிடிக்கலாம். விறகுத் தீ டேங்கின் அடித்தகட்டை அதைவிடப் பல மடங்கு சூடாக்கும். பக்கத்தில் ரப்பர் ஹோஸ், பிரேக் ஏர் பைப், எண்ணெய் வடிந்த சேசிஸ். இத்தனை ஆபத்தை ஏற்றுக்கொண்டு சூடாக்குவதோ அடைப்பே இல்லாத இடத்தை! அடைத்திருப்பது ஃபில்டர். அதற்கு ஒரு சாக்குத்துணியைச் சுற்றி, தாபாவில் ஒரு கெட்டில் சுடுநீர் வாங்கி மெதுவாக ஊற்றினால் போதும், மெழுகு கரைந்துவிடும். மாற்று ஃபில்டர் ஒன்று கேபினில் இருந்தால் இன்னும் நல்லது.

மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழக்கம். அது மெழுகு உறைவதைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் பம்பின் உள்பாகங்கள் டீசலின் வழவழப்பை நம்பியே ஓடுகின்றன, மண்ணெண்ணெயில் அது குறைவு. ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட. மெழுகு படிந்த பிறகு எதைக் கலந்தாலும் உடனே பலன் இல்லை. பெட்ரோல் கலக்கவே கூடாது.

புகையில்லாமைக்கு மெழுகைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஏர். குளிரில் பழைய ரப்பர் ஹோஸ் விறைத்துச் சுருங்கி, இரவில் காற்றை உள்ளே விடும், டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் சீறல், பிறகு நுரை, அதற்குப் பின் குமிழோடு டீசல், கடைசியில் குமிழில்லாத கெட்டித் தாரை. அந்தத் தாரை வந்ததும் அடித்துக்கொண்டே ஸ்குருவை இறுக்க வேண்டும். ஹேண்ட் பம்ப் விறைப்பாக இருந்து எதுவுமே வராவிட்டால் அடைப்பு. லேசாக அடிபட்டு நுரை மட்டும் ஓயாமல் வந்தால் ஏர்.

செல்ஃபும் நன்றாகச் சுற்றி, வெள்ளைப் புகையும் கண் எரிய வருகிறதா? டீசல் வந்து சேர்ந்துவிட்டது, பற்றவில்லை. அந்த வெள்ளை, எரியாத டீசலின் ஆவி. ரிங் தேய்ந்திருக்கலாம், நாசில் சொட்டலாம். உயரமும் சேர்ந்துகொள்ளும்: லே நகரம் இருக்கும் 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெரிய லாரிகளின் பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் ஹீட்டர் பிளக் கிடையாது என்பதால், எரியும் துணியை ஏர் கிளீனர் வாயில் காட்டுவார்கள். சாம்பலும் நூலும் உள்ளே போய் லைனரைக் கீறும். ஈதர் ஸ்பிரே அதைவிட மோசம். பிஸ்டன் மேலே வருமுன்னே வெடித்து ரிங்கையே உடைத்துவிடும்.

இதற்குப் பழைய டிரைவர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். அறிவியல்படியும் அதுதான் சரி. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஓடும் வண்டியில் இரவே தண்ணீரை எடுத்துவிட்டு, காலையில் கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றுவார்கள். லைனர் உள்ளிருந்து வெதுவெதுப்பாகும், காற்று தன் சூட்டை இழக்காது. கொதிநீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு பிளாக் வெடிக்கும். தண்ணீரை எடுக்க மறந்தாலோ அது உறைந்து விரிந்தே பிளாக்கைப் பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் மைனஸ் 35 டிகிரிவரை அந்தக் கவலை இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் தண்ணீரை எடுக்கவும் தேவையில்லை.

ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இடையில் இரண்டு நிமிடம் விட்டால் பேட்டரியும் கொஞ்சம் தேறும், மோட்டாரும் கருகாது. கிளம்பியதும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஆயில் முள் ஏறும்வரை காத்திருங்கள். கெட்டியான ஆயில் மேலே போய்ச் சேர நேரம் பிடிக்கும். காத்திருக்கும் நேரத்தில் ஏர் டேங்கின் அடியிலுள்ள காக்கைத் திறந்து பாருங்கள். அழுத்தப்பட்ட காற்றிலிருந்து பிரிந்த நீர் அதில் தேங்கி, பிரேக் குழாய்க்குள் போய் உறையும். முந்தின இரவே காக்கைத் திறந்து வடித்திருந்தால் பிரச்சினை இல்லை. வடிக்காத வண்டியில் முள் முழு அழுத்தம் காட்டினாலும், நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை மிதித்து எல்லாச் சக்கரத்திலும் பிடித்து விடுகிறதா என்று கிளீனர் இறங்கிப் பார்த்த பிறகே இறக்கத்தில் கியர் போட வேண்டும்.