மழை கொணர்ந்த நஞ்சு

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் நடுவே ஐல் ராயல் என்றொரு தீவும், அத்தீவினுள்ளே, பேரேரியைவிட உயரத்தில் இருப்பதால் அதன் நீர் ஒருபோதும் உட்புக இயலாத சிஸ்கிவிட் என்னும் சிற்றேரியும் உள்ளன. ஆலையோ வயலோ சாக்கடையோ அண்டாத அந்த ஏரியின் மீன்களிலே, அமெரிக்காவின் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் தெளிக்கப்பட்ட டாக்சஃபீன் என்ற பூச்சிமருந்தும், மின்மாற்றிகளில் பயன்பட்ட பிசிபி என்ற இரசாயனமும் காணப்பட்டபோது, அவை ஆகாய மார்க்கமாக, மழையோடும் பனியோடும் தூசியோடும் வந்தனவென்று விஞ்ஞானிகள் நிச்சயித்தனர். உஷ்ணப் பிரதேசத்தில் ஆவியானவை குளிர்ந்த ஏரியில் தங்கிவிட்டன.

அடிச்சேறு இன்னும் தெளிவாகச் சாட்சி கூறிற்று. ஆண்டுதோறும் ஏடு ஏடாகப் படிந்த அதனை ஆராய்ந்து, இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹைட்ஸும் சகாக்களும் 1984இல் வெளியிட்ட முடிவின்படி, டையாக்சின் என்னும் கொடிய விஷம் 1940ஐ ஒட்டியே பெருகத் தொடங்கியது. நிலக்கரியோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எரிந்துவந்தமையால், குளோரின் கலந்த குப்பைகளை எரித்ததே காரணமென அவர்கள் கருதினர்.

கழிவுநீர்க் குழாயின் வாயிலே சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். மழைக்கு அவ்வாறு கட்ட இயலாது. ஆதலின் உற்பத்தியையே தடுப்பதன்றி வேறு மார்க்கமில்லை. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு நஞ்சுகளில் இம்மூன்றும் அடங்கும்.