கோபுரத்துக்கு மேல் ஒரு கரும்புள்ளி

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பையில் இப்போது மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று இருக்கிறது. திரும்பி வந்து படங்களைக் கணினியில் பெரிதாக்கினால்தான் தெரிகிறது, கோபுரத்துக்கு மேலே நீல வானில் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி. பறவையாக இருக்கும் என்று அடுத்த படத்துக்குப் போனால், குலதெய்வம் கோயில் வானத்திலும் அதே இடத்தில் அதே பறவை!

ஃபிலிம் காலத்தில் தூசி விழுந்தால் பெரும்பாலும் அந்த ஒரு படத்தோடு போயிற்று. அடுத்ததற்குப் புது ஃபிலிம் வந்து நிற்கும். டிஜிட்டல் கேமராவிலோ எல்லாப் படமும் பதிவது ஒரே சென்சாரில். பழைய எஸ்.எல்.ஆர். வகையில் லென்ஸைக் கழற்றினாலும் கண்ணாடியும் ஷட்டரும் முன்னால் மறைத்து நின்றன. மிர்ரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. பெரும்பாலானவற்றில் ஷட்டரும் திறந்தே இருக்கும். 2018-ல் வந்த கேனன் ஈ.ஓ.எஸ். ஆர் போன்ற சிலவற்றில்தான் ஸ்விட்சை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' அடித்து ஓய்ந்ததும் மூடிய அலமாரிக்குள்ளேயே மண் படிகிற ஊர் நம்முடையது. லென்ஸ் மாற்றும் அரை நிமிடம் அதற்குத் தாராளம்.

தூசி உண்மையில் சென்சார்மீது விழுவதில்லை. அதற்கு முன்னால் உள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டில் உட்கார்ந்து, சென்சார்மீது நிழலை வீழ்த்துகிறது. லென்ஸின் துவாரம் சிறிதாகச் சிறிதாக நிழல் கூர்மையாகும். சோதிப்பதும் இதை வைத்துத்தான். எஃப் 16 அல்லது 22, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். கை ஆடினாலும் பாதகமில்லை. சுவர் கலங்கும், புள்ளி கலங்காது. படத்தில் மேலே இடது பக்கம் புள்ளி இருந்தால், கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது தூசி கீழே இடது பக்கம் இருக்கும். மேல்-கீழ் மட்டுமே மாறும் என்று நினைவில் வைத்தால் போதும்.

முதலில் மெனுவில் உள்ள 'சென்சார் க்ளீனிங்'கை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். தகட்டை அதிரவைத்துத் தூசியை உதறும் இந்த ஏற்பாடு 2003-ல் ஒலிம்பஸ் ஈ-1 கேமராவோடு வந்தது. போகவில்லையென்றால் ஊதி. மின்விசிறியை அணைத்து, சாம்பிராணி போட்ட அறையைத் தவிர்த்து, கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ரப்பர் ஊதியால் நாலைந்து முறை காற்றடியுங்கள். ஊதியின் மூக்கு உள்ளே நுழையக் கூடாது. ஷட்டர் மூடியிருக்கும்போது ஊதவே கூடாது. அதன் தகடுகள் மிக மெல்லியவை. மூடிக்கொள்ளும் கேமராவானால், கையால் சுத்தம் செய்வதற்கென்று மெனுவில் உள்ள வசதியைப் போட்டு, பாட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். அடுப்புக்கு ஊதாங்குழல் சரி. இங்கே வாய்க்காற்று ஆகாது, எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றும் வேண்டாம். அதிலுள்ள திரவம் கறையாகப் படியும்.

பத்துக்கு எட்டு வீடுகளில் வேலை இத்துடன் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். முடிந்தால் மேலே போகாதீர்கள். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி மிச்சமிருந்தால் என்ன, எஃப் 5.6-ல் எடுக்கும் கொலுப் படத்தில் அது தெரியப்போவதில்லை.

ஒட்டிக்கொண்ட மகரந்தம், எண்ணெய்ப் பிசுக்கு போன்றவை ஊதினால் போகா. அதற்கு ஈரத் துடைப்பு. சென்சார் அகலத்துக்கே செய்து உறையிட்டு விற்கும் துடைப்பான் வேண்டும். முழு ஃப்ரேமுக்கு 24 மி.மீ., ஏ.பி.எஸ்.-சி.க்கு சுமார் 16. துடைப்பதற்கு முன் கட்டாயம் ஊதுங்கள், இல்லாவிட்டால் மணலை வைத்துத் தேய்த்த கதைதான். சென்சாருக்கென்றே விற்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எடுக்காமல் ஒரே இழுப்பு. துடைப்பானின் மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு. பிறகு அதைத் தூக்கி எறியுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆட்டம் தடுக்கும் வசதியுள்ள கேமராக்களில் சென்சார் மிதந்தபடி நிற்பதால் அழுத்தவே கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சி, மூக்குக்கண்ணாடித் துணி, கைகழுவும் சானிடைசர் எதுவும் கிட்டே வரக் கூடாது. இந்தத் திரவங்களில் பல மெத்தனால் கலந்தவை. விளக்கேற்றிய பூஜையறைக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

கை நடுங்குகிறவர்களும், உத்தரவாதக் காலம் முடியாதவர்களும் ஈரத் துடைப்பை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே விடலாம். அங்கே ஆகிற செலவு, கீறல் விழுந்த சென்சாரை மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் வழக்கமாக 12 ஆண்டுக்கு ஒருமுறை. அன்று எடுத்த நானூறு படத்திலும் கலசத்துக்கு மேல் புள்ளி இருந்தால், உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதுதான். மறுபடி எடுக்க முடியாது. ஆகவே சுவர்ச் சோதனையை ரயிலேறும் முதல் நாள் இரவில் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். லென்ஸின் பின்மூடியையும் கேமராவின் வாய்மூடியையும் சேர்த்து ஊதுங்கள். சுத்தம் செய்த சென்சாருக்குத் தூசி பல நேரம் அங்கிருந்துதான் திரும்பி வருகிறது.