பையில் அடங்கும் கணினி

மட்டக்களப்பு வாவிக்குக் கீழ்ப்பால் உள்ள ஊர்களை எழுவான்கரை என்றும், மேற்பால் உள்ளவற்றைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு இங்கே ‘பாதை’ என்று பெயர். மண்முனைத் துறையில் அந்தப் பாதைக்காகக் காத்துநின்ற காலம் 2014இல் பாலம் அமைந்ததும் முடிந்தது. எனினும், சொந்தக் கணினி இல்லாத மாணவருக்கு வேறொரு சங்கடம் எஞ்சி நிற்கிறது.

இன்று பாடசாலைக் கணினி, நாளை மாமா வீட்டுக் கணினி, மறுநாள் கடைக் கணினி என்று அவர் அலைகிறார். பாமினி எழுத்துருவில் அரும்பாடுபட்டு அடித்த கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகிறது. ஒருங்குறியில் எழுதலாமென்றால், கைபழகிய இரங்கநாதன் விசைப்பலகை அங்கே நிறுவப்பட்டிராது. எழுத உட்காருமுன்னரே அரைமணி நேரம் கழிந்துவிடும்!

இதற்கு வழி, கட்டுரையை மட்டுமன்றிக் கணினியின் இயங்குதளத்தையே பென் டிரைவில் எடுத்துச் செல்வதாகும். கணினி விழித்தெழுந்ததும் முதலில் தேடுவது இயங்குதளத்தைத்தான். வழக்கமாக அதைத் தன் உள்வட்டில் காண்கிறது. தொடக்கத்திலேயே எஃப்12 போன்றதொரு விசையை அழுத்தினால் (இது கணினிக்குக் கணினி வேறுபடும்), பென் டிரைவில் தேடும்படி பணிக்கலாம். அதன்பின் திரையும் நினைவகமும் மட்டுமே இரவல். எழுத்துரு, விசைப்பலகை, அகராதி, பாதியில் நின்ற கட்டுரை எல்லாம் நம்முடையவை. இரவல் தந்தவரின் உள்வட்டை நாமாகத் திறந்தாலன்றி அது தீண்டப்படுவதில்லை.

ஜெர்மனியரான கிளவுஸ் நொப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நொப்பிக்ஸ்’ ஒரே குறுந்தட்டிலிருந்து இவ்வாறு இயங்கியது. ஆயினும் குறுந்தட்டில் திரும்ப எழுதவியலாது. கணினியை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். அந்த மறதியைப் போக்கியது பென் டிரைவ். மைக்ரோசாப்ட் 2012இல் ‘விண்டோஸ் டு கோ’ என்று ஒன்றைத் தந்து, 2020இல் கைவிட்டது. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸே மாணவருக்கு உகந்தது என்பது நம் கருத்து. பழைய கணினிகளுக்கென்றே, ஆஸ்திரேலியரான பாரி கவுலர் 2003இல் தொடங்கிய ‘பப்பி லினக்ஸ்’ இருக்கிறது.

லினக்ஸைப் பதிக்கும்போது பென் டிரைவில் முன்பிருந்த யாவும் அழிந்துவிடும். ஆதலால் புதியதொன்றே நன்று. பலவற்றுக்கு 16 ஜிகாபைட் போதும். பதிக்கையில் ‘நிலைத்த சேமிப்பு’ என்னும் பகுதியை ஒதுக்க மறந்தால், குறுந்தட்டின் மறதி இதற்கும் வந்துவிடும். பிறர் கணினியில் செருகுமுன் அனுமதி கேட்பது முறை. சில கூடங்களில் இவ்வழியைப் பூட்டியும் வைத்திருப்பார்கள். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் சேமிப்பு பழுதடையக்கூடும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை யார் மறப்பர்? வாவியில் தவறி விழுந்தால் கதை முடிந்தது. பேருந்தில் தவறினாலோ நம் கடிதங்களை வேறொருவர் படிப்பார். அதற்கென்றே கடவுச்சொல்லிட்டு மறைகுறியாக்கும் வசதி உண்டு. வாரந்தோறும் ஒரு பிரதியெடுத்து வீட்டிலே வைத்துவிட்டால், தொலைந்தாலும் இழப்பது ஒரு வாரத்து வேலைதான்.