டர்ஃப் தரைக்கும் சந்திரனுக்கும் என்ன உறவு?

மாலையில் நண்பர்களோடு சேர்ந்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி, நீங்கள் பந்தாடும் பச்சைத் தரையை 'டர்ஃப்' என்கிறோம். ஹாக்கிக்காரர்கள் 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்று முழுப் பெயரையும் சொல்வார்கள். டர்ஃப் என்றால் புல்தரை, சரி. ஆஸ்ட்ரோ? விண்மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பிளாஸ்டிக் புல்லுக்கு எதற்கு இந்தப் பெயர்? அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குப் போக வேண்டும்.

ஏன் ஹூஸ்டன்? மனிதரை விண்ணுக்கு அனுப்பும் பணிக்கான மையத்தை அமைக்க, 1961-இல் நாசா தேர்ந்தெடுத்த ஊர் அது. அப்போதைய துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அதே டெக்சஸ் மாநிலத்துக்காரர். நாசாவின் செலவுக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் தலைவர் ஆல்பர்ட் தாமஸ், ஹூஸ்டனிலிருந்தே தேர்வானவர். தற்செயல் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மறு ஆண்டு, சந்திரனுக்கு ஏன் போக வேண்டும் என்று அதிபர் கென்னடி விளக்கியதும் ஹூஸ்டனில்தான், ஒரு பல்கலைக்கழக விளையாட்டரங்கில். உள்ளூர் ரைஸ் அணி பலம் வாய்ந்த டெக்சஸ் அணியோடு ஏன் மோதுகிறது என்ற கேள்வியையும் அந்தப் பேச்சில் அவர் சேர்த்துக்கொண்டார்.

இதில் பந்தாட்டம் எங்கே வந்தது? ஹூஸ்டனின் பேஸ்பால் (கட்டையால் பந்தடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணிக்கு முதலில் ஒரு துப்பாக்கியின் பெயர்: கோல்ட் 45. ஊர் முழுக்க விண்வெளி மோகம் பிடித்த பிறகு, கௌபாய் காலத்துத் துப்பாக்கி பழசாகத் தெரிந்தது. 1965-இல் அணி 'ஆஸ்ட்ரோஸ்' ஆனது. அதன் புதிய அரங்கம் 'ஆஸ்ட்ரோடோம்'. வெயிலும் கொசுவும் வாட்டும் ஊரில், கூரை மூடிய, குளிரூட்டிய பிரம்மாண்ட அரங்கம். 1965 ஏப்ரல் 9 அன்று நடந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க, அதற்குள் அதிபராகிவிட்ட ஜான்சனே வந்தார்.

அவ்வளவு செலவழித்தவர்கள் நிஜப் புல் வைக்கக் கூடாதா? வைத்தார்கள். புல்லுக்கு வெயில் வேண்டுமே என்று கூரையில் 4,500-க்கும் மேற்பட்ட கண்ணாடி போன்ற பலகைகளைப் பதித்தார்கள். பகல் ஆட்டத்தில் அவற்றின் வழியே வந்த ஒளிக்கூச்சத்தில், உயரே போன பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சை வண்ணம் அடித்து அந்த ஆண்டை ஓட்டினார்கள்! 1966-இல் மொன்சான்டோ நிறுவனம் தயாரித்த செயற்கைப் புல்லை விரித்தார்கள். அதன் பழைய பெயர் 'கெம்கிராஸ்'. அரங்கத்தின் புகழில் 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்று மாறியது. தரையைப் பராமரித்தவர்களுக்கு விண்வெளி வீரர் போல உடுப்பு வேறு.

சரி, எங்கோ நடந்தது, நமக்கென்ன? 1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா, அங்கே ஏழாம் இடத்துக்குப் போனது. தரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தைக் கட்டையோடு ஒட்டி, வளைத்து வளைத்துக் கொண்டுபோகும் நம் ஆட்டத்தைவிட, வழவழப்பான தரையில் வேகத்துக்கும் உடல்வலுவுக்கும் மதிப்பு கூடியது. அந்தத் தரையை விரிக்கப் பணமுள்ள நாடுகள் முன்னே போயின.

இன்று டர்ஃபில் ஆடும் உங்களுக்கு ஒரு வார்த்தை. நிஜப் புல் நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புல்லால் அது முடியாது. நண்பகலில் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். குழந்தைகளை வெறுங்காலோடு இறக்காதீர்கள். சறுக்கி விழுந்தால் தோல் உரசித் தீப்பட்டதுபோல் எரியும்.

விளையாட்டோடு நிற்காமல், இந்தப் புல்லின் பெயர் அரசியலுக்கும் போனது. எப்படி? 1985-இல் டெக்சஸ் செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) லாயிட் பென்ட்சனுக்குக் காப்பீட்டுத் துறைக்குச் சாதகமாகக் கடிதங்கள் குவிந்தன. பொதுமக்களிடமிருந்து தானாக எழும் ஆதரவை அமெரிக்கர்கள் 'புல்லின் வேர்' என்பார்கள். பென்ட்சன் கடிதங்களைப் பார்த்தார்; டெக்சஸ்காரனுக்குப் புல்வேர் எது, ஆஸ்ட்ரோ டர்ஃப் எது என்று தெரியும் என்ற பொருளில் சொன்னார். அன்றிலிருந்து 'ஆஸ்ட்ரோ டர்ஃபிங்' (பணம் கொடுத்து விதைத்த போலி மக்கள் கருத்து) என்ற சொல் நிலைத்துவிட்டது.

நம் ஊரில் பிரியாணி கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதுதானே இது? கிட்டத்தட்ட. ஒரு வித்தியாசம்: இங்கே கூட்டம் சேர்த்தவர் யார் என்பதை மேடைக் கொடியே சொல்லிவிடும். அங்கே பணம் கொடுத்தவர் முகமே காட்ட மாட்டார்.

எவ்வளவு பெரிதாக நடக்கும்? 2017-இல் இணைய விதிகளை மாற்றுவது பற்றி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது. வந்தவை 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் அறிவித்தது. மாற்றத்தை ஆதரித்த ஒரு பங்கு, இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் பணத்தில் வந்தது. எதிர்த் தரப்புக்கு ஆதரவாக 70 லட்சத்துக்கும் மேல் அனுப்பியவர் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், தனியாளாக!

நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசி வாங்கும்முன், ஹோட்டலுக்குப் போகும்முன் கருத்துகளைப் படிக்கிறீர்கள் அல்லவா? ஒரே வாரத்தில் கொத்தாக வந்தவற்றைச் சந்தேகியுங்கள். வெவ்வேறு ஆட்கள் ஒரே சொற்றொடரை எழுதினால் சந்தேகியுங்கள். எழுதியவரின் பெயரை அழுத்தி, வேறு எதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்; எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் என்றால் விட்டுவிடுங்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்து, 'சாம்பார் நன்று, காத்திருக்க வைத்தார்கள்' என்று முணுமுணுப்பவரை நான் அதிகம் நம்புவேன். மனுவில் கையெழுத்துக் கேட்டால், நடத்துவது யார், செலவு யாருடையது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, அந்த ஆஸ்ட்ரோடோம் அரங்கம் என்ன ஆயிற்று? 1999-க்குப் பிறகு ஆஸ்ட்ரோஸ் வேறு அரங்குக்குப் போய்விட்டது. பழையதைப் புதுப்பிக்க 21 கோடியே 70 லட்சம் டாலர் கடன் வாங்கலாமா என்று 2013-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் இடிக்கவும் மனம் வரவில்லை. 2014-இல் அது வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியலில் ஏறியது.

வாக்கெடுப்பு நடந்த அதே மாதம், அரங்கின் நாற்காலிகளையும் பிளாஸ்டிக் புல்லையும் துண்டு போட்டு விற்றார்கள். ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.