படகு கிளம்பாத நாள்

சேர்வராயன் மலையில் காட்டைக் காக்க இரண்டு கால் திடமாக இருந்தால் போதும். மாசி பிறந்ததும் அடிவாரச் சரிவில் புல் காய்ந்து நிற்கும். தீ பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடி, அடித்தே அணைப்போம். பணம் வரத் தாமதமானாலும் ஏற்காட்டுக் காவலர் நடந்தாவது போய்விடுவார். மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள மண்டபத்துக்கு மாற்றலாகிப் போனபோதுதான் கடல் காவல் வேறு கணக்கு என்று எனக்குப் புரிந்தது.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை 1986 இல் அறிவித்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை, கடற்புல். மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். ரோந்துக்குப் படகு வேண்டும், டீசல் வேண்டும், ஓட்டத் தெரிந்தவர் வேண்டும், துணைக்கு இரண்டு பேர் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் படகு கிளம்பாது. அன்றைக்கு அத்தனை தீவுக்கும் காவல் கிடையாது.

அந்த நாளுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை. ஆனாலும் அவித்துக் காயவைத்து இலங்கைக்குக் கடத்துகிறார்கள். பவளப்பாறையை வெட்டி எடுத்த காலமும் இருந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. அலையை உடைக்கும் பாறையை வெட்டிவிட்டால் தீவின் மணல் எப்படி நிற்கும்? தூத்துக்குடிக்கு எதிரே சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவைச் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

குருசடைத் தீவுப் பக்கம் இன்னொரு வேலை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, பவளத்தின் மேல் கம்பளி போர்த்தியது போலப் படர்ந்து அதை மூச்சுமுட்ட வைக்கிறது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மூழ்கி, விரலாலேயே பிய்த்துச் சாக்கில் திணிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பவளமும் சேர்ந்து உடையும். ஒரு துணுக்கு தங்கினாலும் மறுபடி தழைக்கும். ஆகவே ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை இது.

இதையெல்லாம் செய்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பலர் கரையோர ஊர்ப் பிள்ளைகள், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். “கச்சான் ஏறுதுண்ணே, தீவுக்குத் தெக்கே இன்னைக்கு வேணாம்” என்று காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மலைக்காரன் நான் உயிரோடு கரை திரும்பியது அவர்களால்தான். செலவைக் குறைக்கும்போது எங்கும் முதலில் கை வைப்பது இப்படிப்பட்டவர்கள் மீதுதான். அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்கா ஊழியர்கள் சுமார் 1,000 பேரை ஒரே வீச்சில் நீக்கினார்களே, அவர்களும் புதிதாகச் சேர்ந்து பணி உறுதியாகாதவர்கள்தான். பணமே வராமல் இல்லை; நம் வளைகுடாவுக்கு 2002 இல் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணம் வந்தது, நல்ல வேலைகள் நடந்தன. ஆனால் திட்டப் பணத்துக்கு முடிவுத் தேதி உண்டு. டீசல் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும்.

கரையில் துணையும் இருக்கிறது. பிழைப்புக்காகக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் காவலுக்கும் இழுபறி இருந்தது உண்மை. இருந்தும் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று அவர்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்தி சூழல் காப்புக்கான சீகாலஜி விருதை 2015 இல் பெற்றார்.

ராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள் காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்தும் சுற்றுலாப் படகில் ஏறுங்கள். அதைவிட முக்கியமானது, சட்டமன்றத்தில் வனத்துறை மானியக் கோரிக்கை வரும் நாள். கடலோரத் தொகுதிக்காரர்தான் பேச வேண்டும் என்றில்லை; எங்கள் ஏற்காடு உறுப்பினரும் கேட்கலாம். ஓடும் நிலையில் எத்தனை படகு இருக்கிறது, இந்த ஆண்டு டீசலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, காவலர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கப் போகிறீர்கள்?