எங்கள் வளவின் சிவப்பு இலை

ஜப்பானில் வேலை செய்யும் மாமா சென்ற வருடம் ஒரு படம் அனுப்பினார். வீதியோரம் முழுவதும் செக்கச்செவேலென்று மேப்பிள் மரங்கள். “விதை அனுப்பட்டுமா? உடையார்கட்டில் நட்டுப் பாருங்க” என்று கேட்டார். ஆசை வந்தது. ஆனாலும் உயிரியல் படிப்பவள் முதலில் காரணத்தைத் தேட வேண்டுமல்லவா?

ஜப்பானிய மேப்பிளுக்கு 1784 இல் ‘ஏசர் பல்மாட்டம்’ என்று பெயரிட்டவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பேர்க். ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777 இல் இலங்கைக்கும் வந்து தாவரங்களைச் சேகரித்தவர் அவர். அம்மரம் குளிர்நாட்டுக்குரியது. பகல் சுருங்கிக் குளிர் கூடும்போது பச்சையம் சிதையும். அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் உண்டாகி இலை சிவக்கும். பின்னர் பல வாரக் குளிரில் மொட்டுகள் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். வன்னியில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். அந்த உறக்கம் இங்கே கிடைக்காது. அதோடு விதையுடன் நோயும் பூச்சியும் வரலாம் என்பதால், அனுமதியின்றி விதை தருவிப்பதை 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது.

உம்மம்மா சிரித்தார். “செவப்பு எல பாக்க ஜப்பானுக்கா போகணும் மகள்? எங்கட வாசல்ல நிண்ட கொட்டம்பா மரம் போதாதா?”

அதுதான் நாட்டு வாதுமை. உதிருமுன் அதன் இலைகளும் சிவக்கும். கடற்காற்றையும் உப்பையும் தாங்கும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா முல்லைத்தீவில் விட்டுவந்த மரம் அது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மரமும் இல்லை.

வளர்ப்பது எளிது. பழுத்து விழுந்த காயை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மணலும் மண்ணும் கலந்த பையில் இடுங்கள். சில வாரங்களில் முளைக்கும். ஓரடி உயர்ந்ததும், மாரி மழை தொடங்கும்போது, இரண்டடிக் குழியில் மக்கிய மாட்டெரு கலந்து நடுங்கள். கிளைகள் தட்டுத்தட்டாக அகலப் பரவும். ஆகவே சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி நடவேண்டும். முதல் கோடையில் மாலையில் நீர் ஊற்றி, சருகால் மூடாக்கு இடுங்கள். சருகு தண்டைத் தொடக்கூடாது. ஆடு மாடு கடிக்காமல் சுற்றி வேலி அவசியம். வளர்ந்தபின் நிழலும் பருப்பும் நமக்கு; பழம் வௌவாலுக்கும் அணிலுக்கும்.

எங்கள் கன்றுக்கு இப்போது ஒன்பது இலைகள். அடியிலுள்ள ஓர் இலை சிவந்திருக்கிறது. அதைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

“இதன் நிழலில் நீங்கள் இருப்பீர்களா?” என்று உம்மம்மாவிடம் கேட்டேன்.

“நான் இல்லாட்டி என்ன, ஆராவது இருப்பாங்க. அதுவும் சதகாதான்” என்றார்.