பழைய கதைக்குப் புதிய விளக்கம்: ஸ்டார் டிரெக் தொடர்களில் ஒரு மரபணுப் பாடம்

முடிந்துபோன ஒரு கதைக்கு முன்கதை எழுதுவது சுலபமான வேலை அன்று. பின்னால் என்ன நடக்கும் என்பது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மாற்ற முடியாது. எழுத்தாளரின் கையில் இருப்பது ஒன்றுதான்: அது ஏன் அப்படி நடந்தது என்பதற்குப் புதிய விளக்கம் தருவது. அறிவியலிலும் இதே நிலைதான். ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அளவீட்டை நம் விருப்பப்படி திருத்த முடியாது. அதற்கான விளக்கத்தை மட்டுமே மேம்படுத்த முடியும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘ஸ்டார் டிரெக்’. கேப்டன் கர்க், ஸ்போக் ஆகியோரின் விண்வெளிப் பயணத்தைச் சொன்ன முதல் தொடர் 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. பல ஆண்டுகள் கழித்து அதன் முன்கதைகள் வந்தன. 2001-இல் தொடங்கிய ‘எண்டர்பிரைஸ்’ தொடர், கர்க்கின் காலத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பு நடப்பது. 2022-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்’ தொடரோ, கர்க்குக்கு முன் அதே விண்கலத்தை வழிநடத்திய கேப்டன் பைக்கின் கதை. மரபணு மாற்றம் என்ற ஒரே விஷயத்தை இந்த மூன்று தொடர்களும் எப்படிப் பார்க்கின்றன?

1967: அச்சமூட்டிய கான்

முதல் தொடரில் 1967-இல் வந்த ஒரு கதையில் கான் நூனியன் சிங் அறிமுகமாகிறான். 1990-களில் நடந்ததாகக் கதை சொல்லும் ‘இனமேம்பாட்டுப் போர்களில்’ உலகின் பெரும் பகுதியை ஆண்டவன். பின் தப்பி ஓடி, விண்கலம் ஒன்றில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உறைதூக்கத்தில் கிடந்தவன். அவன் எப்படி உருவானான்? மாடுகளையும் நெல்லையும் தரம் உயர்த்துவதுபோல, தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் என்கிறது அந்தக் கதை. மரபணுப் பொறியியல் என்று சொல்லவில்லை.

காரணம் எளிது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் 1953-இல்தான் தெரியவந்தது. ஓர் உயிரியின் மரபணுவை வெட்டி வேறோர் உயிரிக்குள் ஒட்டி வேலை செய்யவைக்கும் உத்தி 1973-இல்தான் கைகூடியது. கதை எழுதப்பட்டபோது அந்தக் கருவியே இல்லை. 1982-இல் கான் திரைப்படத்தில் மீண்டும் வந்தபோது, அவன் மரபணுப் பொறியியலின் விளைவு என்று சொல்லப்பட்டது. அறிவியல் முன்னேறியது, கதையின் விளக்கமும் கூடவே மாறியது.

ஆனால் கான் ஏன் அவ்வளவு பயங்கரமானவனாகப் படைக்கப்பட்டான்? இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. ‘சிறந்த மனித இனத்தை உருவாக்குகிறோம்’ என்று சொல்லி, நாஜி ஜெர்மனி சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. அமெரிக்காவிலும் இனமேம்பாட்டின் பெயரால் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதே கொடுமைக்கு ஆளானார்கள். கான் வெறும் கற்பனை வில்லன் அல்லன். உண்மையில் நடந்த தவற்றின் நிழல் அவன்.

நெற்றி மேடு எங்கே போனது?

முதல் தொடரில் வரும் கிளிங்கோன் என்ற வேற்றுக்கிரக வீரர்களின் நெற்றி நம்முடையதைப் போலவே வழவழப்பாக இருந்தது. ஒப்பனைக்குச் செலவழிக்கப் போதிய பணம் இல்லை. 1979-இல் வந்த திரைப்படத்தில் அவர்களுக்கு நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்தன. எது சரி? ரசிகர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள்.

‘எண்டர்பிரைஸ்’ 2005-இல் இதற்கு ஒரு விடை சொன்னது. கிளிங்கோன் விஞ்ஞானிகள் மனிதர்களின் மேம்படுத்தப்பட்ட மரபணுவைத் தங்கள் வீரர்களுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். சோதனைக்கு ஆளான ஒருவருக்கு ஏற்கெனவே சளிக்காய்ச்சல் போன்ற ஒரு தொற்று இருக்கிறது. அந்த வைரஸ் உருமாறிக் காற்றில் பரவத் தொடங்குகிறது. மருத்துவர் பிளாக்ஸ் நோயைத் தொடக்க நிலையிலேயே நிறுத்திவிடுகிறார். உயிர்கள் பிழைக்கின்றன, நெற்றி மேடுகள் மறைகின்றன. பணப் பற்றாக்குறையால் வந்த ஒரு குறை, கதைக்குள் ஒரு கொள்ளைநோயின் தழும்பாக மாறிவிட்டது!

இதில் உண்மையான அறிவியலும் உண்டு. வைரஸ், உயிரணுவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்துவதில் கெட்டிக்காரன். அதனால் மருத்துவர்கள் அதன் தீங்கு செய்யும் பகுதியை நீக்கிவிட்டு, நல்ல மரபணுவைச் சுமந்து செல்லும் வாகனமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். பார்வையிழப்பை உண்டாக்கும் ஒரு மரபுவழிக் கண்நோய்க்கு இத்தகைய சிகிச்சை 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கதையில் ஒரு சறுக்கலும் உண்டு. கிளிங்கோன்களின் மாற்றம் அவர்கள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது. உண்மையில், கண்ணிலோ இரத்தத்திலோ உள்ள உடல் உயிரணுக்களில் செய்யும் மாற்றம் அந்த நபரோடு முடிந்துவிடும். விந்தணு, கருமுட்டை அல்லது தொடக்கநிலைக் கரு ஆகியவற்றில் செய்யும் மாற்றம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். தேர்வில் மட்டுமல்ல, செய்தித்தாள் படிக்கும்போதும் இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

கொள்ளுப்பாட்டனின் பெயர்

‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்’ தொடரில் விண்கலத்தின் பாதுகாப்பு அதிகாரி லான் நூனியன் சிங். பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். அவர் கானின் வழித்தோன்றல். சிறுவயதில் அந்தப் பெயருக்காகவே கேலிக்கும் வெறுப்புக்கும் ஆளானவர். தன் இரத்தத்திலும் அந்தக் கொடுமை இருக்குமோ என்று தன்னைத் தானே சந்தேகிக்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். கானுக்கும் லானுக்கும் இடையே சுமார் 250 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 10 தலைமுறை. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பிள்ளைக்குப் பாதி டிஎன்ஏ கிடைக்கிறது. ஆகவே மகனிடம் கானின் பங்கு 1/2, பேரனிடம் 1/4, கொள்ளுப்பேரனிடம் 1/8. பத்தாம் தலைமுறையில் சராசரியாக 1/1024. அதாவது ஏறக்குறைய 0.1 விழுக்காடு. மரபணுக்கள் கலைந்து கலைந்து போவதால், ஒன்றுமே வந்து சேராமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பெயர் முழுதாக வந்து சேர்ந்தது. மரபணு அப்படி வரவில்லை. லானைத் துன்புறுத்தியது உயிரியல் அன்று, மற்றவர்களின் பார்வை.

குற்றவாளி யார்?

ஸ்டார் டிரெக்கின் முதல் முன்னோட்டக் கதையில் கேப்டன் பைக்கின் துணை அதிகாரியாக ஒரு பெண் வந்தார். அவருக்குப் பெயர்கூட இல்லை. ‘நம்பர் ஒன்’ என்று மட்டும் அழைக்கப்பட்டார். முன்கதைத் தொடரில் அவர் பெயர் ஊனா. அவருக்கு ஓர் இரகசியமும் உண்டு. அவர் இல்லிரியன் என்ற இனத்தைச் சேர்ந்தவர். சூழலுக்கு ஏற்பத் தங்கள் மரபணுவை மாற்றிக்கொள்வது அந்த இனத்தின் மரபு. கானின் நினைவால் மரபணு மாற்றத்தையே தடை செய்திருக்கும் கூட்டமைப்பில், இதை மறைத்துத்தான் அவர் அதிகாரியாகிறார்.

விண்கலத்தில் ஒரு விநோத நோய் பரவும்போது, ஊனாவின் நோயெதிர்ப்பாற்றலே மற்றவர்களைக் குணப்படுத்த வழிகாட்டுகிறது. ஆனாலும் உண்மை வெளிவந்ததும் அவர் கைது செய்யப்பட்டு விசாரணையை எதிர்கொள்கிறார்.

1967-இல் கேள்வி இப்படி இருந்தது: மாற்றப்பட்ட மனிதனிடமிருந்து நம்மை யார் காப்பது? 2023-இல் வந்த விசாரணைக் கதையில் கேள்வி திரும்பிவிட்டது: மாற்றப்பட்ட மனிதரை நம்மிடமிருந்து யார் காப்பது?

இது வெறும் கதை அன்று. 2018-இல் சீன விஞ்ஞானி ஹி ஜியான்குய், கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் மனிதக் கருக்களில் மாற்றம் செய்து, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, அவருக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் செய்த தவறு என்ன? விதியைக் கடுமையாக வைக்கலாம். பிறந்துவிட்ட பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சிந்திக்கத் தெரிய வேண்டும்.

நம் வகுப்பறையில்

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை நடத்தப்படுகிறது. அதில் ஒருவர் ‘மரபணு ஏந்தி’ என்று தெரியவந்தால், அவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் எல்லாரையும்போல நலமாகவே வாழ்வார். இருவரும் ஏந்தியாக இருக்கும் தம்பதியருக்குத்தான், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர 25 விழுக்காடு வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காகத்தான் பரிசோதனை. பட்டப்பெயர் வைப்பதற்காக அன்று.

அதே கிரிஸ்பர் கருவி இன்று மருந்தாகவும் மாறியிருக்கிறது. பிறந்த பிறகு அடங்கிப்போகும் கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் உருவாகச் செய்யும் ஒரு சிகிச்சைக்கு, பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. பீட்டா தலசீமியாவுக்கும் அரிவாள் செல் நோய்க்கும் அது பயன்படுகிறது. நோயாளியின் சொந்த இரத்தக் குருத்தணுக்களில் மட்டும் செய்யும் மாற்றம் என்பதால், அது பிள்ளைகளுக்குப் போகாது.

கருவி ஒன்றுதான். அதைக் கொண்டு கானையும் உருவாக்க நினைக்கலாம்; மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு பிள்ளையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எழுப்பியும் விடலாம்.

சிந்திக்க

1. கண்நோய்க்கான வைரஸ் சிகிச்சை, ஹி ஜியான்குய் செய்த மாற்றம், தலசீமியா சிகிச்சை: இவற்றுள் எது அடுத்த தலைமுறைக்குப் போகும்? ஏன்?

2. கானுக்கும் லானுக்கும் இடையே 8 தலைமுறைதான் என்றால், லானிடம் கானின் டிஎன்ஏ சராசரியாக எவ்வளவு இருக்கும்?

3. ஊனாவின் வழக்கில் நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்பு சொல்வீர்கள்? நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.